கப்பலில் கட்டும் தாலி செல்லுமா?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



கானாவூர் திருமண வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்துபோனதை யோவான் நற்செய்தியின் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. வீட்டுக்காரர் யாரிடமும் வாய் திறந்து கேட்டதாக அங்கே எழுதப்படவில்லை. குறையைக் கண்டு மகனிடம் சொன்னவர் அன்னை மரியா. கேட்காமலே குறையை அறியும் ஒருவர் பந்தியில் இருந்ததால் அந்த வீட்டின் மானம் காப்பாற்றப்பட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று நம் பங்குகளில் எழும் ஒரு கேள்வியைச் சிந்திப்போம்: "சாமி, கப்பலில் கலியாணம் வைத்துக்கொள்ளலாமா?"

இந்த ஆசை வியப்புக்குரியதன்று. 2021இல் சென்னை நீலாங்கரையில் ஒரு ஜோடி கடலுக்கு அடியில் திருமணம் செய்துகொண்டது. அதே ஆண்டு மே மாதம், ஊரடங்கு நேரத்தில், மதுரையில் ஒரு ஜோடிக்கு வாடகை விமானத்தில் தாலி கட்டு நடந்தது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் பயணமும் தொடங்கியது. கடலை நம்பி வாழும் நாகப்பட்டினத்து மக்களாகிய நமக்குக் கப்பல் புதிதுமில்லை. ஆனால் ஆசைப்படுவதற்கு முன் சில உண்மைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, கப்பல் தலைவரைப் பற்றியது. கேப்டன் நினைத்தால் யாருக்கும் திருமணம் செய்து வைக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கப்பல் எந்த நாட்டுக் கொடியைத் தாங்குகிறதோ, அந்த நாட்டுச் சட்டம் இடம் தர வேண்டும். பிரிட்டிஷ் சட்டம் இடம் தராததால், புகழ்பெற்ற குனார்ட் நிறுவனம் 2011இல் தன் மூன்று கப்பல்களின் பதிவையும் சவுத்தாம்ப்டனிலிருந்து பெர்முடாவின் ஹாமில்டனுக்கு மாற்றியது. நம் நாட்டின் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், யார் யார் திருமணம் நடத்தி வைக்கலாம் என்று பட்டியலிடுகிறது. அதில் கப்பல் தலைவர் இல்லை.

அரசுச் சட்டம் எப்படி இருந்தாலும், கத்தோலிக்கருக்குத் திருச்சபைச் சட்டம் 1108 தெளிவாக உள்ளது. ஆயரோ, பங்குத்தந்தையோ, அவர்களிடம் அதிகாரம் பெற்ற குருவோ திருத்தொண்டரோ முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு மணமக்கள் தங்கள் சம்மதத்தைத் தெரிவிக்க வேண்டும். முறையான விதிவிலக்குப் பெறாமல் கேப்டன் முன்னால் மட்டும் மோதிரம் மாற்றிக்கொண்டால், அது திருச்சபையில் செல்லுபடியாகும் திருமணம் ஆகாது.

"ஆண்டவர் கடல் மேல் நடந்தவர்தானே, கடலில் அவர் இல்லையா?" என்று நம் இளையோர் கேட்கலாம். நல்ல கேள்விதான். திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் மனமார்ந்த சம்மதம் என்றே திருச்சபை போதிக்கிறது. அப்படியானால் குருவும் சாட்சியும் பதிவேடும் எதற்கு?

இதற்கு வரலாறு பதில் சொல்கிறது. ஒரு காலத்தில் ஆணும் பெண்ணும் தனிமையில் கொடுத்துக்கொண்ட வாக்கே திருமணத்துக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு ஆண் அதை மறுத்துவிட்டு வேறொருத்தியை மணந்தால், முதல் பெண்ணுக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. இந்த இரகசியத் திருமணங்களின் கொடுமையை ஒழிக்கவே 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் பங்குத்தந்தையும் சாட்சிகளும் கட்டாயம் என்று விதித்தது. திருமணத்தைப் பதிவேட்டில் எழுதி வைக்கவும் கட்டளையிட்டது.

நம் கடற்கரைக்கு இது எளிதில் புரியும். 'ரஜூலா'வும் அதன்பின் 'சிதம்பரம்' கப்பலும் நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றிச் சென்ற காலத்தில், அக்கரையில் ஒரு குடும்பம், இக்கரையில் ஒரு குடும்பம் என்ற கதைகளைக் கேட்டே நம் பாட்டிமார் வளர்ந்தார்கள். இன்று ஒரு திருமணம் நடந்தால், அது அந்தப் பங்கின் திருமணப் பதிவேட்டில் ஏறுவதோடு நிற்பதில்லை. திருமுழுக்குப் பெற்ற பங்குக்கும் செய்தி அனுப்பப்பட்டு, அங்கே அவர் பெயருக்கு எதிரே குறிக்கப்படுகிறது. நாளை அவர் வேறு நாட்டில் மறுபடியும் மணமுடிக்க வந்தால், புதிதாக எடுக்க வேண்டிய திருமுழுக்குச் சான்றிதழே அதைக் காட்டிக்கொடுக்கும். அந்த ஒரு வரி பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் பெரிய காவல்.

அப்படியானால் கப்பலில் திருமணமே கூடாதா? கூடும், ஆனால் ஒழுங்கு உண்டு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1997 ஜனவரி 31 அன்று 'ஸ்தெல்லா மாரிஸ்' என்ற ஆணைமடலை வெளியிட்டார். கடல் பணியாளருக்கான ஆன்மகுரு தம் பொறுப்பின்படி மேய்ப்புப்பணிகளைச் செய்யலாம்; திருமணம் மட்டும் அதில் சேராது. அதற்கு மணமக்களின் சொந்தப் பங்கிலிருந்தோ, நிலையான இருப்பிடம் இல்லாதவர்களானால் கப்பலேறிய துறைமுகப் பங்கிலிருந்தோ அதிகாரம் பெற வேண்டும். திருமண விவரத்தைப் பதிவுக்காக அங்கேயே அனுப்பவும் வேண்டும். நடுக்கடலில் நடந்தாலும் அந்தத் திருமணத்துக்கு ஒரு கரை உண்டு.

"திருத்தந்தை பிரான்சிஸ் விமானத்தில் திருமணம் நடத்தி வைத்தாரே?" என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். 2018 ஜனவரி 18 அன்று சிலி நாட்டில் சந்தியாகோவிலிருந்து இக்கிக்கே நகருக்குப் பறந்தபோது, விமானப் பணியாளர் இருவருக்கு அவர் திருமணம் நடத்தி வைத்தார். அவர்கள் அரசுமுறைத் திருமணம் செய்தவர்கள். 2010 நிலநடுக்கத்தில் ஆலயம் சேதமடைந்ததால் கோவில் திருமணம் நின்றுபோயிருந்தது. திருத்தந்தையின் அதிகாரத்துக்குப் பங்கு எல்லை கிடையாது. அங்கேயும் சாட்சி இருந்தது, எழுத்து இருந்தது.

தோபித்து நூலைப் பாருங்கள். தோபியாவின் திருமணம் பயணத்தில், பெற்றோர் இல்லாத தூர ஊரில் நடந்தது. அப்போதும் பெண்ணின் தந்தை இரகுவேல் திருமண ஒப்பந்தத்தை எழுதினார். இங்கே தாய் அன்னா மகன் போன வழியைப் பார்த்துக்கொண்டே நாள்களைக் கழித்தார். மருமகள் நினிவேக்கு வந்ததும், மாமனார் நகர வாயில்வரை போய் எதிர்கொண்டு ஆசி வழங்கினார். உறவினர் கூடி மகிழ்ந்தார்கள். வெளியூரில் தொடங்கிய திருமணம் ஊருக்குள் வந்து வேர் பிடித்தது.

நாம் யோசிக்க வேண்டியது இதைத்தான். கப்பலில் சீட்டு வாங்கிய சிலர் மட்டுமே கலியாணத்தைப் பார்ப்பார்கள். படியேற முடியாத பாட்டி வரமாட்டார். அன்பியத்துக் குடும்பங்கள் வரமாட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்த வீட்டில் இரசம் தீரும்போது, கேட்காமலே வந்து கதவைத் தட்டப் போகிறவர்களோ இவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டுத் தொடங்கலாமா?

எனவே, திருமணம் பேசி முடித்ததும் பங்குத்தந்தையைப் பாருங்கள்; மூன்று மாதம் முன்பே வந்தால் நல்லது. ஆயத்தப் பயிற்சி, ஓலை வாசிப்பு எல்லாம் நிதானமாக நடக்கட்டும். மந்திரிப்பு கோவிலில் நடக்கட்டும். பிறகு வசதியுள்ளவர்கள் கப்பலில் தாராளமாய் விருந்து வைக்கலாம், பயணமும் போகலாம். ஏற்கெனவே கப்பலிலோ வேறெங்கோ சடங்கை முடித்துவிட்டு, கூச்சத்தால் ஒதுங்கியிருப்பவர்களே, நீங்களும் வாருங்கள். உங்கள் திருமணத்தை முறைப்படுத்தத் திருச்சபையில் வழியுண்டு. அமைதியாக, ஆரவாரமின்றிச் செய்துகொள்ளலாம்.

புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய வணிகர்கள், கரை சேர்த்தால் ஆலயம் கட்டுவதாக அன்னையிடம் நேர்ந்துகொண்டார்கள் என்பது வேளாங்கண்ணி மரபு. கடலில் கொடுத்த வாக்கைக் கரையில், ஊரார் கண்முன்னே நிறைவேற்றினார்கள். நம் பிள்ளைகள் கொடுக்கும் வாக்கும் அவ்வாறே நிலைக்க, ஆரோக்கிய அன்னையின் பரிந்துரையை வேண்டுவோம். ஆமென்.