உஷார்! அந்த நாலு வரிப் பாட்டு காதல் கடிதம் இல்லை

கண்ணுகளா, உஷார்! நீங்கள் "வேண்டாம்" என்று சொன்ன பிறகு ஒருத்தன் சங்கப் பாட்டு அனுப்புகிறானா? ரசிக்காதீர்கள். மிரட்டல் அது!

முதலிபாளையம் சிட்கோ பக்கம் எங்கள் லைன் வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே ரூமில் குடியிருந்தார்கள். பேர், ஊர் வேண்டாம். சின்னவள் பனியன் கம்பெனியில் செக்கிங். அங்கே ஓவர்லாக் அடிக்கிற பையன் அவளை விரும்புவதாகச் சொன்னான். இவள் மறுத்துவிட்டாள். நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் குறுந்தொகையின் 17ஆம் பாட்டு வந்தது. அவளுக்கு இல்லை, கூட இருந்த பெரியவளுக்கு! "அக்கா, நீங்கதான் அவகிட்ட எடுத்துச் சொல்லணும்."

பெரியவள் உருகிவிட்டாள். எப்பேர்ப்பட்ட பையன், இவளுக்கு மனசே இல்லையே என்று தினமும் பேச்சு. ஒன்றரை ஷிப்ட் எப்போது முடியும், எந்த வழியாக வருவாள் என்பதையும் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள், பாவம். ஒரு சனிக்கிழமை, சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிற வழியில் அவன் மறித்து நின்றான். நூல் வெட்டுகிற ட்ரிம்மர் கையில். அவள் கண் முன்னாலேயே மணிக்கட்டில் இழுத்துக்கொண்டான். அவள் துப்பட்டாவெல்லாம் ரத்தம்.

பையன் பிழைத்தான். அவள் வேலை போயிற்று. ஊருக்குக் கூட்டிப்போன அப்பா திரும்ப அனுப்பவே இல்லை.

அந்தப் பாட்டில் என்னதான் இருக்கிறது? எழுதியவர் பேரெயின் முறுவலார். காதல் முற்றினால் பனைமடலையும் குதிரை என்று ஏறுவார்கள். எருக்கம்பூவைத் தலையில் சூடுவார்கள். ஊர் கூச்சலிடத் தெருவில் நிற்பார்கள். அதற்கு மேல் வேறொன்றும் செய்வார்கள். அவ்வளவுதான் சேதி. அந்த "வேறொன்று" என்ன? உயிரை விடுவது! பாட்டில் சாவு என்ற வார்த்தையே கிடையாது. கேட்பவர் நெஞ்சு தானாக அங்கே போய் நிற்கும்.

பனைமட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி கருக்கு. அதன்மேல் உட்காரவைத்து இழுத்தால் தொடை கிழிந்துபோகும். தன் உடம்பைக் கிழித்துக் காட்டி ஒருத்தியைச் சம்மதிக்க வைக்கிற வேலை அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். "நான் செய்வேன்" என்று பாட்டில் பேசுகிற தலைவன் எங்கும் சொல்லவில்லை. "செய்வார்கள்" என்கிறான். அதையும் தான் விரும்புகிறவளிடம் சொல்லவில்லை. அவள் தோழியிடம் சொல்கிறான்! அவள் மறுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பேச்சே. எங்கள் லைன் வீட்டில் நடந்ததும் அச்சு அசலாக இதுதான்.

காதல் இறுகுவதைச் சொல்ல அந்தப் புலவர் "காழ்" என்கிறார். கொட்டைக்குள் ஏறுகிற வைரம். பிஞ்சைக் கிள்ளிவிடலாம், காழ் ஏறினதை நகத்தால் கிள்ள முடியாது. இப்படி முற்றுவது சரியில்லை என்று பழைய இலக்கணக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மடல் ஏறுவேன் என்று வாயால் சொல்வது ஒன்று. நிஜமாகவே ஏறிவிட்டால் தொல்காப்பியம் அதைப் பெருந்திணையில், பொருந்தாக் காமத்தில் வைத்துவிடுகிறது.

தன் உடம்பைக் கிழிக்கத் துணிந்தவன் அதோடு நிற்பான் என்று நம்பாதீர்கள். 2022 அக்டோபர் 13, சென்னை பரங்கிமலை ரயில் நிலையம். பின்னாலேயே சுற்றி வந்தவன் ஒரு கல்லூரி மாணவியை ரயில் முன்னால் தள்ளிக் கொன்றான். பட்டப்பகலில், ஜனங்கள் நிற்கிற நடைமேடையில்!

அதனால் கண்ணு, இதையெல்லாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. நீ மறுத்த பிறகும் சேதி வருகிறதா? உன்னிடம் பேசாமல் உன் தோழியைப் பிடிக்கிறானா? நீ ஷிப்ட் முடிந்து வருகிற நேரம் அவனுக்கு எப்படித் தெரிகிறது? "என் பிரெண்டு ஒருத்தன் இப்படித்தான் மருந்து குடிச்சான்" என்று ஊரார் கதை சொல்கிறானா? ஊரார் கதை சொல்ல ஆரம்பித்தால் தனியாக நடக்காதே. அன்றைக்கே வீட்டில் சொல். சூப்பர்வைசரிடமும் சொல். 181க்குக் கூப்பிடு, ராத்திரியிலும் எடுப்பார்கள். வேண்டாம் என்ற பெண்ணைத் தொடர்ந்து துரத்துவது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு.

பையனைப் பெற்றவர்களே, அவன் வாயில் "வேறொன்று" வந்தால் நடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். 14416இல் மனநல ஆலோசனை இலவசம். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

தோழிகளே, உங்களிடம்தான் கெஞ்சிக் கேட்கிறேன். தூது போகாதீர்கள். நேரம் சொல்லாதீர்கள். வந்ததை அழிக்கவும் செய்யாதீர்கள். எங்கள் லைன் வீட்டுப் பெரியவள் பயத்தில் அன்று ராத்திரியே எல்லாச் சேதியையும் அழித்துவிட்டாள். சின்னவளின் அப்பா வந்து, "என்னம்மா அனுப்பினான், காட்டு" என்று கேட்டபோது வெறும் போனைத்தான் நீட்டினாள்.