பழைய டிராக்டரைப் படம் எடுப்பது எப்படி?

பழைய கார் என்றால் பாலிஷ் போட்டு ஊர்வலம் விட ஆள் இருக்கிறது. பழைய டிராக்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தெம்பு இருக்கும் வரை உழும். பிறகு தண்ணீர் டேங்கர் இழுக்கும். கடைசியில் கம்ப்ரசரைப் பூட்டிக்கொண்டு கிணறு வெட்டும் இடத்துக்கோ கல் குவாரிக்கோ பாறையில் துளை போடப் போய்விடும். அதனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் இதைப் படம் எடுக்கக் கிளம்புகிறவர் வீட்டுக் கொட்டகைகளோடு இந்த இடங்களையும் பார்த்துவிடுவது நல்லது.

கண்ணில் படுவதில் சிவப்பு மாஸி பெர்கூசன் நிச்சயம் இருக்கும். அது சென்னை செம்பியத்தில் செய்த வண்டி. 1840இல் குதிரை வண்டி கட்டும் தொழிலில் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி பின்னாளில் டீசல் எஞ்சின் தயாரிப்புக்கு வந்தது. அதை நடத்திய அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம் 1960இல் மாஸி பெர்கூசனோடு கைகோத்து டாஃபே நிறுவனத்தைத் தொடங்கியது. வடக்கே பரீதாபாத்தில் ஐஷர் அதற்கு ஓராண்டு முன்னமே டிராக்டரை வெளியே விட்டிருந்தது. மகிந்திரா 1963இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து வந்தது. வெளிநாட்டு வடிவமைப்பை நம்பாமல் துர்காபூர் ஆய்வுக்கூடத்தில் உருவான ஸ்வராஜ் 1974இல் வந்தது.

வண்டியைப் பார்த்ததும் பெயிண்டை நம்பிவிடக் கூடாது. ஐம்பது வருஷம் ஓடிய டிராக்டரில் பானட் ஒரு வண்டியுடையது, எஞ்சின் இன்னொன்றுடையது, ஸ்டிக்கர் போன வருஷம் டவுனில் வாங்கியது என்று இருக்கும். இதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் சுவாரசியம். எந்தப் பாகம் எப்போது மாறியது என்பதும் அந்த வண்டியின் வரலாறுதான். ஆகவே முழு வண்டிப் படத்தோடு நிறுத்தாமல், எண் இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்: டேஷ்போர்டு பக்கம் இருக்கும் தகடு, எஞ்சின் பிளாக்கில் குத்திய எண், வார்ப்பிலேயே எழும்பி நிற்கும் பாக எண்கள். கிரீஸும் மண்ணும் அடைத்திருந்தால் துணியால் துடைத்துவிட்டு, குத்திய எழுத்தில் கொஞ்சம் விபூதியைத் தேய்த்தால் எண் பளிச்சென்று தெரியும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து இன்னும் தெளிவாகும்.

நம்பர் பிளேட்டும் பேசும். புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14இல். திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரித்தார்கள். அதற்கு முன் இங்கே பதிவான வண்டி அந்த இரண்டில் ஒன்றின் கணக்கில்தான் இருந்திருக்கும். ‘டிஎன் 55’ என்று தொடங்கினால் 1989க்குப் பிறகு வந்த எண். அதற்கு முந்தையவை ‘எம்’ அல்லது ‘டி’யில் தொடங்கும் மூன்றெழுத்து எண்கள். வெளியூரில் இரண்டாம் கையாக வாங்கிய வண்டியும் இருக்கும் என்பதால், ஆர்.சி. புக்கில் தயாரிப்பு வருஷத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். பார்த்தால் போதும், அதைப் படம் எடுக்க வேண்டாம். உரிமையாளரின் விலாசம் எல்லாம் அதில் இருக்கும்.

ஒரே ஒரு பாகத்தைத்தான் எடுக்க நேரம் இருக்கிறது என்றால் வண்டியின் பின்பக்கம் போங்கள். கலப்பையைப் பூட்டும் இரண்டு கீழ்க்கைகளும் மேலே ஒரு ‘டாப் லிங்க்’கும் இருக்கும். உலகத்து டிராக்டர்களில் பெரும்பாலானவை இன்று இந்த அமைப்போடுதான் வருகின்றன. இதை உருவாக்கியவர் அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்கூசன். முன்பெல்லாம் கலப்பையைச் சும்மா பின்னால் கட்டி இழுத்தார்கள். கொழு பாறையிலோ வேரிலோ மாட்டினால் டிராக்டரின் மூக்கு தூக்கி, ஓட்டுபவர் மேலேயே வண்டி கவிழும். செம்புறாங்கல் பூமியில் உழுதவர்களுக்கு அந்த ஆபத்தை விளக்கத் தேவையில்லை. மூன்று புள்ளிகளில் பூட்டினால் கலப்பை மாட்டும்போது டாப் லிங்க் வண்டியை முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. இழுவை கூடினால் ஹைட்ராலிக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். 1939இல் இந்த அமைப்போடு ஹென்றி ஃபோர்டு டிராக்டர் தயாரித்தார். ஒப்பந்தம் வெறும் கைகுலுக்கல்தான். ஃபோர்டின் பேரன் காலத்தில் அது முறிந்து வழக்கானது. 1952இல் 92.5 லட்சம் டாலர் பெர்கூசனுக்குக் கிடைத்தது. அடுத்த வருஷமே அவர் தன் கம்பெனியைக் கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைத்துவிட்டார். செம்பியத்துச் சிவப்பு வண்டியின் பெயர் அங்கிருந்து வந்தது.

படம் எடுக்கும் கலை பெரிதாக ஒன்றுமில்லை. போனைப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால் முன்சக்கரம் பூதாகரமாகி, வண்டியின் அளவே தப்பாகத் தெரியும். பத்தடி தள்ளிப் போய், அச்சு உயரத்துக்குக் குனிந்து, கொஞ்சம் ஜூம் வைத்து எடுங்கள். உச்சி வெயிலில் சிவப்பு நிறம் படத்தில் திட்டுத்திட்டாகக் கரைந்துவிடும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்தால் மடிப்புகள் தெரியும். நேர்ப் பக்கவாட்டில் ஒன்று கட்டாயம் வேண்டும், பானட்டின் வடிவம் அதில்தான் பிடிபடும். மாஸி பெர்கூசனின் பழைய 35 மாடலுக்கு மூக்கு உருண்டை. 1964 கடைசியில் இங்கிலாந்தில் வந்த 135க்குச் சதுரம்.

எடுத்த படங்களை அடையாளம் காட்ட, பக்கத்து ஊர் டிராக்டர் மெக்கானிக்கை விடச் சிறந்த ஆள் இல்லை. “அண்ணே, இது எந்த வண்டி கியர்பாக்ஸ்?” என்று படத்தை நீட்டினால் போதும், எதற்கு எது பொருந்தும் என்பதிலிருந்து கதை தொடங்கிவிடும். அவர் சொல்வதைப் பதிவுசெய்ய முதலிலேயே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா வண்டியும் ஒருசேர வெளியே வரும் நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு வண்டியைக் கழுவித் துடைத்து மாலை போட்டிருப்பார்கள், உரிமையாளரும் நல்ல மனநிலையில் இருப்பார். ஆனால் சந்தனம் பூசுவதற்கு முன்பே போய்விட வேண்டும். நம் நேரத்துக்கு முதல் பொட்டு எண் தகட்டின் மேல்தான் விழும்.