‘18 இன்ச் செயின் ஒண்ணு குடுங்க’: கடையில் இப்படிக் கேட்டால் போதுமா? செயின் சா வாங்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்த நாள். மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசிய காற்றில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாலையை மறித்துக் கிடந்த மரங்களை அகற்றக் கைகொடுத்தது செயின் சா எனும் மரம் அறுக்கும் மெஷின்.

இன்று அதே மெஷினை ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்குவது சுலபம். அதற்குச் சரியான செயினும் பாரும் தேடிப் போடுவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

இரண்டு கண்ணியால் வந்த வினை

சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில், தமிழக - ஆந்திர எல்லையில் இருக்கிறது ஆரம்பாக்கம். இந்தக் கடலோர வட்டாரத்தில் சவுக்கும் தென்னையும் அதிகம். அங்கே ஒரு தோப்புக்காரரின் செயின் சா வேலை நடுவே செயின் அறுந்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பைக்கை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போகிறார்.

“அண்ணே, 18 இன்ச் செயின் ஒண்ணு குடுங்க.”

“எத்தனை கண்ணி? எந்த கேஜ்?”

“அதெல்லாம் தெரியாதுண்ணே, 18 இன்ச் மெஷின்தான்.”

வாங்கி வந்து மாட்டினால் செயின் தொங்குகிறது. இரண்டு கண்ணி அதிகம். டென்ஷன் திருகை முழுசாகத் திருகியும் இறுகவில்லை. ‘பரவாயில்ல, ஓட்டிப் பார்ப்போம்’ என்று ஸ்டார்ட் செய்தால், அங்கேதான் ஆபத்து. முழு வேகத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும் செயின் அது. தளர்ந்து கழன்றால் கை, கால், முகம் எதையும் பதம் பார்த்துவிடும்.

தவறு எங்கே? ‘18 இன்ச்’ என்பது பாரின் வெட்டும் நீளம் மட்டுமே. செயினின் அளவு அதில் இல்லை. ஒரே 18 இன்ச் பாருக்கு மாடலைப் பொறுத்து 68, 72, 74 கண்ணி செயின்கள் இருக்கின்றன.

கேட்க வேண்டிய 3 எண்கள்

1. பிட்ச்: செயினில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை அளந்து, பாதியாக்கினால் வருவது பிட்ச். 0.325 இன்ச் (சுமார் 8.25 மி.மீ.), 3/8 இன்ச் (சுமார் 9.5 மி.மீ.) இரண்டும் அதிகம் புழங்குபவை. வித்தியாசம் ஒன்றேகால் மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். செயினைச் சுழற்றும் ஸ்ப்ராக்கெட்டின் பல்லோடு அது பொருந்தவே பொருந்தாது. சிறிய மெஷின்களில் வரும் ‘3/8 லோ புரொஃபைல்’ பெயரில்தான் 3/8. சாதாரண 3/8 செயினுக்குப் பதிலாக அதைப் போடக் கூடாது.

2. கேஜ்: பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணியின் தடிமன். 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என நான்கு அளவுகள் பரவலாக உண்டு. 1.5 பள்ளத்தில் 1.6 செயின் நுழையாது. அதே பள்ளத்தில் 1.3 செயின் நுழைந்துவிடும், ஆனால் ஆட்டம் போடும். வெட்டு கோணலாகும், செயின் கழலும்.

3. கண்ணி எண்ணிக்கை: பாரின் பள்ளத்துக்குள் இறங்கும் ‘டிரைவ் லிங்க்’குகளை மட்டும் எண்ண வேண்டும். வெட்டும் பற்களை எண்ணினால் கணக்கு தப்பிவிடும்.

பெரும்பாலான பார்களில், மெஷினோடு சேரும் அடிப்பகுதியில் இந்த மூன்று எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்தால் தெரியும். செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் கடையில் குழப்பம் இருக்காது.

பார் மாற்றும்போது

பாரின் நீளம் ஒன்றாக இருந்தால் போதாது. மெஷினின் போல்ட் நுழையும் வெட்டு, டென்ஷன் பின் உட்காரும் துளை, எண்ணெய் வரும் துளை மூன்றும் பொருந்த வேண்டும். எண்ணெய்த் துளை சற்றே விலகினாலும் செயினுக்கு எண்ணெய் போகாது, பார் சூடேறித் தேய்ந்துவிடும். பாரின் முனையில் சிறு சக்கரம் இருந்தால் அதன் பிட்ச்சும் செயினின் பிட்ச்சும் ஒன்றாக இருக்க வேண்டும்.

‘பெரிய பார் போட்டால் பெரிய மரம் அறுக்கலாம்’ என்பதும் தவறான கணக்கு. கிளை வெட்ட 30 - 40 சிசி மெஷினும் 14 - 16 இன்ச் பாரும் தாராளம். நடுத்தர மரங்களுக்கு 45 - 60 சிசி, 18 - 20 இன்ச். சிறிய இன்ஜினில் நீளமான பாரை மாட்டினால் இன்ஜின் திணறும், கிளட்ச் சூடாகும். கழிக்காக வெட்டும் இளம் சவுக்கு மெலிந்ததுதான். அதற்கு 22 இன்ச் பார் வீண் சுமை.

புதுச் செயினை விழுங்கும் பழைய ஸ்ப்ராக்கெட்

‘போன வாரம் போட்ட செயின், அதுக்குள்ள போச்சு’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஸ்ப்ராக்கெட்டை. அதன் பல்லில் அரை மில்லிமீட்டருக்கு மேல் தேய்மானம் இருந்தால் மாற்றிவிட வேண்டும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினையும் சீக்கிரம் கெடுக்கும். இரண்டு, மூன்று செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்பது பொதுக் கணக்கு. செயினைத் தீட்டும் ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரு பக்கமும் சமமாகத் தேயும்.

புழு கற்றுத் தந்த பல்

இன்றைய செயினின் பல் வடிவத்துக்கு ஒரு புழுவும் காரணம். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரவெட்டி ஜோ காக்ஸ், வண்டின் புழு ஒன்று மரத்தை அரித்துப் போவதைக் கவனித்தார். இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டியபடி அது முன்னேறியது. அதைப் பார்த்தே அவர் புதுச் செயினை வடிவமைத்தார். இன்றும் செயினில் இடப்பல், வலப்பல் என மாறி மாறி வருவது அதனால்தான்.

ஆகவே தீட்டும்போது இரு பக்கப் பல்லும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் ஒரு பக்கமாக இழுக்கும். உருட்டு அரத்துக்கும் அளவு உண்டு. 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மி.மீ., 0.325-க்கு 4.8 மி.மீ. அரம்.

மொக்கையை எப்படிக் கண்டுபிடிப்பது? சீவல் சீவலாக வந்தால் பல் கூர்மை. மாவு மாதிரித் தூளாக வந்தால் அரம் எடுக்கும் நேரம். கடலோர மணல் மண்ணில் கூடுதல் கவனம் தேவை. விழுந்து கிடக்கும் மரத்தை அறுக்கும்போது செயின் ஒருமுறை மணலைத் தொட்டாலே கூர் போய்விடும். அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி அறுப்பது நல்லது.

எண்ணெய் இரண்டு, வேலை இரண்டு

பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயில் இன்ஜினுக்கு. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25:1 என்றால் 40 மி.லி. எது என்பதை மெஷினோடு வரும் கையேட்டில் பாருங்கள். தனி டேங்கில் ஊற்றும் பார் ஆயில் செயினுக்கு. அதில் வண்டியிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலை ஊற்றினால், அதிலுள்ள உலோகத் துகள்கள் பம்பையும் பாரையும் கெடுக்கும். முனையை ஓர் அட்டைக்கு மேலே பிடித்து ஆக்சிலரேட்டர் கொடுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழுந்தால் எல்லாம் சரி.

அறுக்கும் முன் ஒரு நிமிடம்

பார் முனையின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். ‘கிக்பேக்’ என்பது இதைத்தான். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று முதலில் சோதியுங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கவே கூடாது. ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு, கையுறை, காலுக்குப் பாதுகாப்பு உறை கட்டாயம். புயலுக்குப் பிறகு என்றால், மின்கம்பி மேலே விழுந்த மரத்தை மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும்வரை தொடாதீர்கள்.

அடுத்த முறை கடைக்குப் போனால் “18 இன்ச்” என்று மட்டும் சொல்ல வேண்டாம். “0.325 பிட்ச், 1.5 கேஜ், 72 கண்ணி” என்று உங்கள் பாரில் உள்ளபடி சொல்லுங்கள். இன்னொரு முறை அலையும் பெட்ரோல் செலவும் மிச்சம், கையும் பத்திரம்.