வீடு மாறுகிறீர்களா? முதல் மூட்டை மருந்துப் பையாக இருக்கட்டும்!

மே மாதம் பிறந்துவிட்டால் போதும், தெருவுக்குத் தெரு டெம்போவும் மினி லாரியும் நிற்கும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீடு மாறிவிட வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் ஆகாது என்பதால் அதற்குள் பாலும் காய்ச்சிவிட வேண்டும். ஆக, வருஷத்திலேயே வெயில் கொளுத்துகிற நாட்களாகப் பார்த்துத்தான் நம் ஜனங்கள் பீரோவைத் தூக்குகிறார்கள்!

அடுத்த வாரமே வைத்தியசாலைக்கு ஒவ்வொருவராக வருவார்கள். "புத்தகப் பெட்டியைத் தூக்கினேன் டாக்டர், இடுப்பு அப்படியே புடிச்சுக்கிச்சு" என்பார் குடும்பத் தலைவர். "பரணைச் சுத்தம் பண்ணினதுலேருந்து பையனுக்கு ஒரே இழுப்பு" என்பார் அம்மா. "மாமியாருக்கு நாலு நாளா பிரஷர் மாத்திரை கொடுக்கலை. எந்தப் பெட்டியில இருக்குன்னே தெரியலை" என்று ஒரு மருமகள் கையைப் பிசைவார்.

இதெல்லாம் கெட்ட நேரத்தால் வருவதில்லை. வீடு மாற்றும்போது சாமானுக்கெல்லாம் பட்டியல் போடுகிறோம், ஆட்களுக்குப் போடுவதில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடி டம்ளருக்குப் பேப்பர் சுற்றத் தெரிந்த நமக்கு, அறுபத்தைந்து வயது இடுப்பையும் ஐந்து வயது நுரையீரலையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிய வேண்டாமா?

ஆளுக்கு ஒரு பை

அட்டைப் பெட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொருவரும் தினமும் சாப்பிடும் மருந்து, போடும் வேளை, கண்ணாடி, காது கேட்கும் கருவி, கைத்தடி, இன்ஹேலர் எல்லாவற்றையும் பெயருக்கு நேரே குறியுங்கள். சித்த மருந்து சாப்பிடுபவரானால் அனுபானம், பத்தியம் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

பிறகு ஆளுக்கு ஒரு சிறு துணிப்பை. ஒரு வாரத்துக்கான மருந்து, மருத்துவச் சீட்டு, ஒரு மாற்றுத் துணி, ஒரு துண்டு. இந்தப் பைகள் லாரியில் ஏறவே கூடாது. உங்கள் கையோடு, நீங்கள் போகும் ஆட்டோவிலோ காரிலோ வர வேண்டும். லாரி வழியில் நின்றுபோனாலும், மழையில் மாட்டினாலும் இரவு மாத்திரை தவறாது.

இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், தைராய்டு, வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையையும் சில இதய மாத்திரைகளையும் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. வேறு ஊருக்குப் போகிறவர்கள் 15 நாளுக்கான மருந்தைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புது ஊரில் டாக்டரைத் தேடிப் பிடிக்க அவ்வளவு நாளாகும்.

இன்சுலின் போடுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஃப்ரிட்ஜை லாரியில் ஏற்றி இறக்கினால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகுதான் சுவிட்ச் போடுவார்கள். அதுவரை இன்சுலின் எங்கே இருக்கும்? திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி தேவை. வாய் அகன்ற பிளாஸ்கில் ஐஸ் போட்டு, இன்சுலினைத் துணியில் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாதபடி வையுங்கள். உறைந்துபோன இன்சுலினை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், குழந்தையின் தடுப்பூசி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். வீட்டுப் பத்திரத்துக்குக் கொடுக்கும் மரியாதையை இந்தக் கோப்புக்கும் கொடுங்கள்.

மருந்து அலமாரியைக் கழியுங்கள்

காலி சிரப் பாட்டில், பாதி தீர்ந்த களிம்பு, யாருக்கோ எப்போதோ வாங்கின மாத்திரை... இதையெல்லாம் புது வீட்டுக்குச் சுமந்து போகாதீர்கள். காலாவதித் தேதி முடிந்தவை, பெயர் அழிந்தவை, அட்டையிலிருந்து பிரிந்து தனியாகக் கிடப்பவை மூன்றையும் கழித்துவிடலாம்.

நாட்டு மருந்துக்கும் ஆயுள் உண்டு. குடிநீர் என்கிற கஷாயத்துக்கு 3 மணி நேரம், சூரணத்துக்கு 3 மாதம், இளகம் என்கிற லேகியத்துக்கு 6 மாதம், எண்ணெய்க்கு 1 வருஷம் என்று சித்த நூல்களில் கணக்கு இருக்கிறது. கடையில் வாங்கியதென்றால் பாட்டிலில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். வீட்டில் இடித்து வைத்த பொடி என்றால் நூல் சொல்கிற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். "நாட்டு மருந்துதானே, கெடாது" என்பது தவறான நம்பிக்கை. பூஞ்சை பிடித்த சூரணம் மருந்தல்ல.

பரண் தூசி பொல்லாதது

பத்து வருஷத் தூசியை ஒரே நாளில் கிளப்பினால் நுரையீரல் என்ன செய்யும்? ஆஸ்துமா, சைனஸ் உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் பரண் இறக்குகிற நாளில் பக்கத்து வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருக்கட்டும். வேலை செய்பவர்கள் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, உலர்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துணியால் துடையுங்கள். பழைய சாக்கு, செருப்பு, விறகு இவற்றுக்குள் கையை நேராக விடாதீர்கள். முதலில் ஒரு குச்சியால் தட்டுங்கள். தேளுக்கும் பூரானுக்கும் அதுதான் நிரந்தர முகவரி!

மூக்கு அடைத்துக்கொண்டால் பெரியவர்கள் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கலாம். இழுப்பு உள்ளவர்களுக்கு ஆவி வேண்டாம். டாக்டர் கொடுத்த இன்ஹேலர் கையில் இருக்கட்டும். பால் காய்ச்சும்போது ஹோமப் புகை, சாம்பிராணிப் புகை, புதுப் பெயின்ட் வாடை மூன்றும் ஒன்று சேரும். ஆஸ்துமாக்காரர்களை அந்த நேரத்தில் காற்றோட்டமான திண்ணையிலோ மாடியிலோ உட்கார வையுங்கள்.

தூக்குவதற்கும் ஒரு முறை

வாதத்தின் இருப்பிடம் உந்திக்குக் கீழே என்பது சித்த மருத்துவம். அளவுக்கு மீறிய சுமை அதைத்தான் முதலில் கெடுக்கும். குனிந்தபடி சுமையைத் தூக்குகிறபோதும், தூக்கிய சுமையோடு இடுப்பை மட்டும் திருப்புகிறபோதும்தான் பெரும்பாலும் பிடிப்பு வருகிறது. சுமைக்கு அருகில் நின்று, கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சுமையை மார்போடு அணைத்துத் தொடைப் பலத்தில் எழுந்திருங்கள். திரும்ப வேண்டுமானால் காலை எடுத்து வைத்து முழு உடம்பும் திரும்புங்கள்.

எப்படித் தூக்குகிறோம் என்பதைப் போல எப்படிக் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். பெரிய பெட்டியில் லேசான சாமான், சின்னப் பெட்டியில் கனமான சாமான். இதுதான் சூத்திரம். தலையணை, போர்வை பெரிய பெட்டிக்கு. புத்தகம், பித்தளைப் பாத்திரம் சின்னப் பெட்டிக்கு. பீரோவைக் காலி செய்துவிட்டு நகர்த்துங்கள். கிரைண்டரிலிருந்து குழவியைத் தனியே எடுங்கள். நிரம்பிய வீட்டு கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. அதில் வாயு மட்டுமே 14.2 கிலோ. வீட்டுப் பெண்கள் இதைத் தனியாகத் தூக்கி வண்டியில் ஏற்றுவதைப் பார்க்கவே பதறுகிறது. கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், இதய நோயாளிகள் எந்தச் சுமையையும் தொடவே வேண்டாம். பெட்டி மேல் பெயர் எழுதும் வேலையை அவர்களுக்குக் கொடுங்கள்.

அடக்கக் கூடாத பதினான்கு

வீடு மாற்றுகிற அன்று பெண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காலையில் ஒரு காபியோடு சரி. வீடெல்லாம் கூலியாட்கள். பாத்ரூம் போகக் கூச்சம். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. மாலை வரை சிறுநீரை அடக்குகிறார்கள். ராத்திரி ஒரு மணி வரை பாத்திரம் அடுக்குகிறார்கள்.

சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், தும்மல், இருமல் என்று அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது சித்த மருத்துவம். வீடு மாற்றுகிற ஒரே நாளில் அதில் பாதியை அடக்கிவிடுகிறோம்! சிறுநீரை அடக்கினால் நீரடைப்பும் நீர்ப்பாதையில் புண்ணும் வரும் என்று நூல்கள் எச்சரிக்கின்றன. தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்குபவர்களுக்கு நீர்ப்பாதைத் தொற்று எளிதாக வருகிறது என்பது இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொண்ட விஷயம்.

எனவே ஒரு பாத்ரூமை வீட்டுக்காரர்களுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். ஒரு பானை நீர்மோர் தயாராக இருக்கட்டும். உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை போட்டு நீர்க்கக் கரைத்தால் வெயிலுக்கு இதம். சுமை தூக்குபவர்களுக்கும் கொடுங்கள், அவர்களும் மனிதர்கள்தானே! காலை உணவு இட்லியும், மதியம் எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ முன்கூட்டியே கட்டி வையுங்கள். காலை 6 மணிக்கு ஏற்ற ஆரம்பித்தால் உச்சி வெயிலுக்குள் கனமான வேலை முடிந்துவிடும். யாருக்காவது உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சு குழறினால் அது வெறும் களைப்பல்ல. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

குட்டீஸ் ஜாக்கிரதை!

பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய், எலி மருந்து எல்லாம் வழக்கமாகப் பூட்டின அலமாரியில் இருக்கும். வீடு மாற்றும்போது அவை தரைக்கு வந்துவிடும், அதுவும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில்! குழந்தை எடுத்துக் குடிக்க ஒரு நிமிஷம் போதும். இவற்றை முதல் நாளே கழித்துவிடுங்கள், அல்லது மூடியுள்ள வாளியில் தனியாக வைத்துப் பெரியவர் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். தப்பித் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கைக்குழந்தையின் துணிகளுக்கு நடுவே பாச்சை உருண்டை போடாதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். பாச்சை உருண்டையின் வாசம் அவர்களுடைய ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். காய்ந்த வேப்பிலை போதும்.

டிரம்மில் வரும் டெங்கு

தண்ணீர் டிரம், குடம், பூந்தொட்டித் தட்டு இவற்றை வெறுமனே கவிழ்த்துவிட்டு ஏற்றினால் போதாது. டெங்குக் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும். புது வீட்டில் தண்ணீர் பிடித்ததும் பொரிக்கும். தேங்காய் நார் போட்டு உள்சுவரை அழுத்தித் தேய்த்த பிறகே ஏற்றுங்கள். பல நாள் பூட்டிக் கிடந்த வீடென்றால் குடிபோகும் முன் மேல்நிலைத் தொட்டியையும் சம்ப்பையும் கழுவச் சொல்லுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

தாத்தா பாட்டியின் முதல் ராத்திரி

புது வீட்டில் முதலில் விரிக்க வேண்டியது பெரியவர்களின் படுக்கை. பழைய வீட்டில் எந்தப் பக்கம் இறங்குவார்களோ அதே பக்கம் இறங்கும்படி கட்டிலைப் போடுங்கள். நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் பழகின கால் பழைய வழியைத்தான் தேடும். அங்கே புத்தகப் பெட்டி இருந்தால்? இடுப்பு எலும்பு முறிவுதான். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை பெட்டி, கயிறு எதுவும் இல்லாமல் வழி விட்டு, ஒரு இரவு விளக்கு எரியட்டும். பகலிலேயே இரண்டு மூன்று முறை கைப்பிடித்து நடத்திக் காட்டுங்கள். ஞாபக மறதி உள்ளவர்களுக்கு அவர்களுடைய பழைய நாற்காலி, சாமி படம், போர்வை கண்ணில் பட்டால் மனம் அடங்கும். அதையெல்லாம் பழசு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வலி வந்துவிட்டால்...

சுளுக்கி வீங்கியிருந்தால் முதல் நாள் குளிர்ந்த ஈரத்துணி போதும், நீவக் கூடாது. வீக்கமில்லாத தசைப் பிடிப்புக்கு நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். அலுப்புத் தீர நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளியுங்கள். ஆனால் இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுமை தூக்கும்போது நெஞ்சை அடைத்தால் அதை வாயு என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு நாள் கணக்கு

21 நாள் முன்பு: ஆட்கள் பட்டியல். மருந்து அலமாரி கழித்தல். கூடுதல் மருந்து வாங்குதல்.

14 நாள் முன்பு: பரண். ஒரே நாளில் முடிக்காமல் தினம் ஒரு மணி நேரம்.

7 நாள் முன்பு: புத்தகம், விசேஷப் பாத்திரம், குளிர்காலத் துணி. பெட்டியின் மேலும் பக்கவாட்டிலும் எந்த அறைக்கு உரியது என்று எழுதுங்கள். கேஸ் ஏஜென்சிக்குச் சொல்லிவிடுங்கள்.

2 நாள் முன்பு: சமையலறை. ஒரு அடுப்பு, குக்கர், நாலு தட்டு மட்டும் வெளியே. டிரம், குடம் தேய்த்துக் காய வையுங்கள்.

அன்று: ஆளுக்கு ஒரு பை கையில். நீர்மோர், சாப்பாடு, டார்ச், முதலுதவிப் பெட்டி.

மறுநாள்: ஓய்வு. படுக்கை, பாத்ரூம், அடுப்பு இந்த மூன்றும் தயாரானால் போதும். மிச்சப் பெட்டிகளை ஒரு மாதம் கழித்துப் பிரித்தாலும் குடி முழுகிப் போகாது!