பேசும் கடிகாரம்

காலத்தை அளந்து காட்டும் கருவி கடிகாரம். சுவரில் தொங்கினும் மணிக்கட்டில் விளங்கினும், அது தன் செய்தியைக் கண்ணுக்கே உரைக்கிறது. முள்ளைக் காணவோ எண்ணைப் படிக்கவோ இயலாதவருக்கு அதனால் பயன் இல்லை. பார்வை இழந்தோரும், முதுமையால் கண் மங்கியோரும், நள்ளிரவில் விளக்கின்றி விழித்துக் கிடக்கும் நோயாளரும், “மணி என்ன?” என்று பிறரை வினவ வேண்டியவர் ஆகின்றனர். ஒரு நாளில் பன்முறை இவ்வாறு பிறரை எதிர்பார்த்திருப்பது எளிதன்று. மருந்து உண்ணும் வேளை வந்ததா, இல்லையா என்று அறியாமல் தயங்குவோர் படும் துன்பமும் சிறிதன்று. கண்ணுக்குக் காட்டும் செய்தியைக் காதுக்குச் சொல்லும் கடிகாரம் ஒன்று இருப்பின் இக்குறை நீங்கும். அத்தகைய கடிகாரத்தைப் பள்ளி மாணவரும் தம் கையால் செய்து பார்க்கும் வாய்ப்பு இன்று உண்டு.

இயந்திரம் பேசுமோ எனின், இக்கடிகாரத்தில் இயந்திரம் தானாகப் பேசுவதில்லை. மனிதர் ஒருவர் ஒருமுறை பேசுகிறார். இயந்திரம் அக்குரலைக் காத்து வைத்து, வேண்டும்போது திருப்பித் தருகிறது. தாமஸ் ஆல்வா எடிசன் 1877-ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியை அமைத்துக் குரலைக் காத்து வைக்கும் வழியைக் காட்டினார். ஆயினும், காத்து வைத்த குரலைக் கொண்டு மாறிக்கொண்டே இருக்கும் நேரத்தைச் சொல்வது எவ்வாறு? இதற்கு விடை கண்டவர்கள் தொலைபேசி வழியே நேரம் அறிவித்தவர்கள் ஆவர்.

பாரிசு நகரத்து வானாய்வுக் கூடத்திற்கு நேரம் கேட்டுத் தொலைபேசியில் அழைப்போர் மிகுந்தனர். அதனால் கூடத்தின் தொலைபேசி எப்பொழுதும் ஓய்வின்றி இருந்தது. அக்கூடத்தின் தலைவரான எர்னஸ்டு எஸ்கிளாங்கன், அழைப்போருக்கு நேரத்தைத் தானே சொல்லும் கடிகாரத்தை அமைக்கச் செய்தார். அது 1933-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14-ஆம் நாள் பணி தொடங்கியது. இங்கிலாந்தில் 1936-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24-ஆம் நாள் இத்தகைய கடிகாரம் ஒன்று தொடங்கப் பெற்றது. தொலைபேசி இணைப்பகத்தில் பணிபுரிந்த எத்தல் கெயின் என்னும் பெண்மணி ஒரு போட்டியில் தேர்ந்தெடுக்கப்பட்டு அதற்குக் குரல் அளித்தார். அவருடைய குரல் கண்ணாடித் தட்டுகளில் ஒளியின் துணையால் பதியப்பட்டது.

அக்கடிகாரம் 10 வினாடிக்கு ஒருமுறை நேரத்தை அறிவித்தது. 12 மணி நேரத்துள் அவ்வாறு அறிவிக்க வேண்டிய நேரங்கள் 4,320 ஆகும். அத்தனை தொடர்களையும் ஒருவர் தனித்தனியே சொல்லிப் பதிய வேண்டுமாயின் அது பெருஞ்சுமையாகும். ஆகவே, சொற்களைப் பகுதி பகுதியாகப் பதிந்து, வேண்டியவற்றை வரிசைப்படுத்தி ஒலிக்கச் செய்தனர். சில எழுத்துகளைக் கொண்டு எண்ணற்ற சொற்களை ஆக்குவது போல, சில பதிவுகளைக் கொண்டு பல்லாயிரம் செய்திகளைச் சொல்லலாம் என்பதே அவர்கள் கண்ட உண்மை. இன்று மாணவர் செய்யும் சிறு கடிகாரத்திற்கும் அடிப்படை அதுவே.

இக்கடிகாரத்தின் மூளையாக விளங்குவது நுண்கட்டுப்படுத்தி. இது விரல் நுனியளவு சில்லு ஒன்றனுள் அடங்கிய சிறு கணிப்பொறி. ‘ஆர்டுயினோ ஊனோ’ என்னும் பலகையில் அமைந்த சில்லு மாணவரிடையே பெரிதும் வழங்குவது. நிரல் என்னும் கட்டளைத் தொகுதியை எழுதி அதனுள் செலுத்தினால், அது அக்கட்டளைகளைப் பிறழாது நிறைவேற்றும். குரலையும் அதனுள்ளேயே வைத்துவிடலாகாதோ எனின், அதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

பேச்சு என்பது காற்றின் அதிர்வு. ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்னலையாக மாற்றுகிறது. அம்மின்னலையின் உயரத்தை மிகக் குறுகிய இடைவெளிதோறும் அளந்து எண்களாகக் குறித்துக் கொண்டால், அவ்வெண்களிலிருந்து அதே குரலை மீண்டும் எழுப்பலாம். ஓர் ஒலியில் உள்ள மிக விரைந்த அதிர்வு எத்தனையோ, அதன் இருமடங்கினும் மிகுதியான முறை வினாடிதோறும் அளத்தல் வேண்டும் என்பது விதி. தொலைபேசிப் பேச்சில் வினாடிக்கு ஏறத்தாழ 3,400 அதிர்வு வரை கடத்தப்படுவதால், அங்கு வினாடிக்கு 8,000 முறை அளப்பது வழக்கம். ஓர் அளவுக்கு ஒரு பைட்டு இடம் என்று கொண்டால், ஒரு வினாடிப் பேச்சுக்கு 8,000 பைட்டு வேண்டும். ஊனோவின் சில்லிலோ நிரலை வைப்பதற்குரிய நினைவகம் 32,768 பைட்டே. நிரலுக்கு இடமே ஒதுக்காவிடினும், நான்கு வினாடிப் பேச்சை மட்டுமே அது தாங்கும்.

ஆகவே வேலையைப் பகிர்ந்து அளித்தல் வேண்டும். நூலகர் எல்லா நூல்களையும் மனத்தில் இருத்துவதில்லை. எந்நூல் எவ்வடுக்கில் உள்ளது என்பதை மட்டும் அறிந்திருந்து, கேட்டதை எடுத்துத் தருகிறார். நுண்கட்டுப்படுத்தியும் அவ்வாறே பணிபுரிகிறது. குரற்பதிவுகள் நகத்தளவான மெமரி கார்டில் இருக்கும். ‘டி.எப். பிளேயர் மினி’ என்னும் சிறு கருவி அப்பதிவுகளைப் படித்து ஒலியாக்கும். 3 வாட் வரை ஆற்றல் தரும் ஒலிப்பெருக்கியும் அதனுள் உண்டு. ஆதலின் சிறிய ஒலிபரப்பி ஒன்றை நேரே அதனோடு இணைக்கலாம். ‘இத்தனையாம் எண்ணுள்ள பதிவை ஒலிக்க’ என்று ஆணையிடுவது மட்டுமே நுண்கட்டுப்படுத்தியின் பணி.

இனி, எச்சொற்களைப் பதிவது என்பதை ஆராய வேண்டும். ‘இருபது’ என்பதையும் ‘மூன்று’ என்பதையும் தனித்தனியே பதிந்து அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தால் ‘இருபது மூன்று’ என்று கேட்கும். தமிழர் அவ்வாறு பேசுவதில்லை. ‘இருபத்து மூன்று’ என்றும், ‘இருபத்தொன்று’ என்றும், ‘பதின்மூன்று’ என்றும் சொற்கள் புணர்ந்து உருமாறுகின்றன. இலக்கண வகுப்பில் கற்ற புணர்ச்சி விதி இங்கே கருவியை அமைப்பவருக்கு வழிகாட்டுகிறது. ஆதலின் ‘ஒரு நிமிடம்’ முதல் ‘ஐம்பத்தொன்பது நிமிடம்’ வரை 59 தொடர்களையும் முழுமையாகவே பதிதல் நன்று.

மற்றொரு நுட்பமும் உண்டு. ‘மாலை ஐந்து மணி’ என்று முடிக்கும்போது குரல் தாழ்ந்து அமைகிறது. ‘மாலை ஐந்து மணி இருபத்து மூன்று நிமிடம்’ என்னும்போதோ, ‘மணி’ என்னுமிடத்தில் குரல் தாழாமல் அடுத்த சொல்லை நோக்கிச் செல்கிறது. எனவே மணியைக் குறிக்கும் 12 தொடர்களை, தொடரும் குரலில் ஒருமுறையும், முடியும் குரலில் ஒருமுறையும் பதிய வேண்டும். காலை, பகல், மாலை, இரவு என்னும் பொழுதுகள் நான்கையும் சேர்த்தால் மொத்தம் 87 பதிவுகள் ஆகும். ஒரு நாளின் 1,440 நிமிடங்களையும் இந்த 87 பதிவுகள் சொல்லிவிடும்.

எல்லாவற்றையும் ஒருவரே, ஒரே அமர்வில், அமைதியான அறையில், ஒலிவாங்கியிலிருந்து மாறாத தொலைவில் இருந்து பேசிப் பதிய வேண்டும். இன்று சிலவும் நாளை சிலவுமாகப் பதிந்தால், கடிகாரம் ஒரே தொடரை இரு குரலில் சொல்வது போலத் தோன்றும். பதிவின் முன்னும் பின்னும் உள்ள வெற்று இடைவெளியை நீக்குதலும் வேண்டும். இல்லையெனில் பேச்சு திக்கித் திக்கி வரும். குரல் கொடுப்பவரிடம் அது எதற்குப் பயன்படும் என்பதைக் கூறி, அவர் இசைவைப் பெறுதல் முறையாகும்.

பதிவுகளுக்கு எண் இடுவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். பொழுதுகள் நான்கும் 0001 முதல் 0004 வரை அமைக. தொடரும் மணிக்கு அதன் எண்ணோடு 10-ஐயும், முடியும் மணிக்கு 30-ஐயும், நிமிடத்திற்கு 100-ஐயும் கூட்டிப் பெயரிடுக. மாலை 5 மணி 23 நிமிடம் ஆயின் 0003, 0015, 0123 ஆகிய மூன்று பதிவுகள் ஒலிக்க வேண்டும். சரியாக 5 மணி ஆயின் 0003, 0035 ஆகிய இரண்டே போதும். இவ்வொழுங்கினால் நிரல் சிறிதாகும், பிழையும் குறையும்.

நுண்கட்டுப்படுத்தி இடும் ஒவ்வோர் ஆணையும் 10 பைட்டுகளால் ஆயது. 126 என்னும் எண்ணில் தொடங்கி 239 என்னும் எண்ணில் அது முடியும். வினாடிக்கு 9,600 துணுக்குகள் என்னும் வேகத்தில் செல்வதால், ஓர் ஆணை சென்று சேர ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வினாடியே ஆகிறது. ஆணை செல்லும் கம்பியில் 1,000 ஓம் மின்தடை ஒன்றை இடையே வைத்தால், ஒலிபரப்பியில் எழும் இரைச்சல் குறையும். ஒரு பதிவு முடியுமுன் அடுத்த ஆணையை அனுப்பினால் முன்னது பாதியில் அறுபடும். இதனைத் தவிர்க்க, ஒலித்துக் கொண்டிருக்கும் வரை மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் முனை ஒன்று அக்கருவியில் அமைந்துள்ளது. அம்முனையின் அழுத்தம் உயரும் வரை காத்திருந்து, பின்னர் அடுத்த ஆணையை இடுமாறு நிரலை எழுத வேண்டும். பிறர் பேசி முடிக்கும் வரை பொறுத்திருத்தல் கருவிக்கும் வேண்டிய பண்பு போலும்!

இவையெல்லாம் நன்கு அமைந்தும், சொல்லும் நேரம் பொய்யாயின் பயன் யாது? ஊனோ பலகை, மின்சாரம் நின்றால் நேரத்தை மறந்துவிடும். ஆதலின் ‘டி.எஸ். 3231’ என்னும் காலச் சில்லு ஒன்றைத் துணைக்குக் கொள்வர். அதனுள் உள்ள படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. வெப்பத்தால் நேரும் மாறுதலை அச்சில்லே திருத்திக் கொள்வதால், இயல்பான வெப்பநிலையில் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்கு மேல் அது பிழைபடுவதில்லை. மின்சாரம் நின்றாலும், பொத்தான் வடிவச் சிறு மின்கலத்தின் துணையால் அது காலத்தைத் தொடர்ந்து எண்ணும்.

அம்மின்கலமும் தீர்ந்துவிட்டால் படிகத்தின் அதிர்வு நின்றுவிடும். பின்பு மின்சாரம் வந்ததும் கடிகாரம் தவறான நேரத்தைத் தெளிவான குரலில் சொல்லத் தொடங்கும். கண்ணுள்ளவர் வானத்தையோ வேறொரு கடிகாரத்தையோ பார்த்துப் பிழையை உணர்வர். பார்வையற்றவரோ அக்குரலையே நம்பி மருந்தை உண்பார்; அல்லது உண்ணாது விடுவார். இங்கே பிழையான சொல், சொல்லாமையினும் கொடியது.

இவ்விடர்க்கும் வழி உண்டு. அதிர்வு ஒருமுறை நின்றால் காலச் சில்லினுள் ஓர் அடையாளம் பதிந்துவிடும். நிரல் அதனை அழிக்கும் வரை அது நீங்காது. நேரம் சொல்லுமுன் ஒவ்வொரு முறையும் அவ்வடையாளம் உண்டா என்று நிரல் பார்த்தல் வேண்டும். உண்டாயின் நேரத்தைச் சொல்லாமல், “நேரம் சரியாகத் தெரியவில்லை, கடிகாரத்தைத் திருத்துக” என்னும் பதிவை ஒலிக்கச் செய்தல் வேண்டும். இதுவே 88-ஆம் பதிவு. மற்ற 87 பதிவுகளும் நாள்தோறும் ஒலிக்கும். இது பல்லாண்டுகளில் ஒருமுறையே ஒலிக்கக்கூடும். ஆயினும் இதனைச் சேர்க்க மறந்தவர் தம் கடிகாரத்தை முற்றுப்பெறச் செய்தவர் ஆகார்.

கருவிக்கு நாணமும் இல்லை, அச்சமும் இல்லை. சொல் என்றால் சொல்லும். அது சொல்லும் சொல்லுக்குப் பொறுப்பு, அதனை ஆக்கியவரையே சாரும். தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் கற்ற கடிகாரமே இருளில் இருப்பவருக்கு உற்ற துணையாகும்.