ஒரே ஸ்வரம் ஏன் வேறு வேறு உணர்ச்சியைத் தருகிறது?

நாகஸ்வரத்தில் ஒரு பஞ்சமம்; அதே பஞ்சமம் புல்லாங்குழலில். சுருதி ஒன்றுதான். ஆனால் முன்னதில் எக்களிப்பு, பின்னதில் ஏக்கம். எப்படி?

எந்தக் கருவியும் ஒற்றை அதிர்வை மட்டும் எழுப்புவதில்லை. அடிப்படை அதிர்வு விநாடிக்கு 200 என்றால் 400, 600, 800 என மேற்சுரங்களும் கூடவே ஒலிக்கும். அவற்றின் வலிமை விகிதத்தில்தான் நாதத்தின் குணம் இருக்கிறது என்று 1863-இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். நாகஸ்வரத்தின் ஊதும் முனையான சீவாளி, கொறுக்கை என்னும் நாணல் தட்டையில் செய்தது. ஊதும்போது அதன் இரு இதழ்களும் படபடவென மூடித் திறந்து, காற்றை வெட்டி வெட்டி உள்ளே அனுப்புகின்றன. அந்த வெட்டில்தான் உயர் மேற்சுரங்கள் கொட்டுகின்றன. குழலிலோ காற்று துளையின் விளிம்பில் பட்டு அசைகிறது, அவ்வளவே, மேற்சுரங்கள் குறைவு.

இனி நம் குரலைக் கவனியுங்கள். கோபமோ உற்சாகமோ வந்தால் குரல்நாண்கள் இறுகிச் சட்டென மூடும். உயர் மேற்சுரங்கள் பெருகும். சோகத்தில் அவை அடங்கும். பிறந்தது முதல் இதையே கேட்டுப் பழகிய மூளை, கருவியின் ஒலியையும் குரலைப் போலவே புரிந்துகொள்கிறது. எனக்கு மிகவும் ஏற்புடைய விளக்கம் இதுதான். ராகத்துக்கும் பெரும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் தேர்ந்த வித்வான் அதே நாகஸ்வரத்தில் மூச்சைத் தாழ்த்தும்போது கேளுங்கள்: சீவாளியின் வெட்டு மென்மையாகி, மேற்சுரங்கள் குறைந்து, நாதம் குழைகிறது.