புக்கிட் ஜாலிலில் இறங்கி எந்தப் பக்கம்?

எல்ஆர்டி ரயிலில் புக்கிட் ஜாலில் நிலையத்தில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தாலே அன்றைக்கு அங்கே என்ன நிகழ்ச்சி என்று சொல்லிவிடலாம். சென்னையிலிருந்து ஓர் இசையமைப்பாளர் வந்திருந்தால் பெட்டியில் கால் வைக்க இடம் இருக்காது. தலையில் பூ, கையில் ஒளிரும் குச்சி, தோளில் தூங்கும் குழந்தை என்று குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். அதே வளாகத்தில் தேசிய ஹாக்கி அரங்கமும் இருக்கிறது. லீக் ஆட்டம் நடக்கும் மாலையில் அந்தப் பக்கம் திரும்புகிறவர்களை எண்ண இரண்டு கைகளின் விரல்கள் போதும்.

நான் இரண்டு பக்கமும் போகிறவள். இடையில் கொஞ்சம் காசு மிஞ்சினால் நகைச்சுவை அரங்குக்கும் போவேன். உபகாரச் சம்பளம் வந்த வாரம் பாட்டு, மாதக் கடைசியில் ஹாக்கி. என் நாட்காட்டி பெரும்பாலும் அப்படித்தான் ஓடுகிறது. இந்த மூன்று இடங்களிலும் ஒரே வாசகம் காதில் விழுகிறது: "உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஆதரவு தாருங்கள்." விளையாட்டாளர் என்றால் "கலைஞர்" என்ற சொல் மட்டும் மாறும். எனக்கு இந்த வாசகம் பிடிப்பதில்லை. ஆதரவு என்பது நன்கொடைப் பெட்டியில் போடும் ஐந்து வெள்ளி மாதிரி. அதைப் போட்டவர் பெட்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ரசிகர் அப்படி இல்லை. போன வாரத்தைவிட இந்த வாரம் மோசமாகப் பாடினால் அவருக்குக் கோபம் வரும். நம் நகரத்துக்கு வேண்டியது அந்தக் கோபம்தான்.

பாட்டிலிருந்து தொடங்குவோம். நம் பெற்றோர் காலத்தில் மலேசியா முழுக்கத் தெரிந்த தமிழ் முகம் அல்லிகேட்ஸ் குழுவின் லோகநாதன் ஆறுமுகமும் அவர் அண்ணன் டேவிட்டும்தான். பினாங்குக்காரர்கள். பெரிய சுருட்டை முடி. பாடியது மலாய்ப் பாட்டு. இன்றைக்கும் மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அந்தப் பாடல்கள் ஒலிக்கும்போது கூடவே பாடாத ஆளைப் பார்க்க முடியாது. லோகநாதன் 2007-இல் காலமானார். அவரை "தமிழ்க் கலைஞர்" பட்டியலில் சேர்க்கலாமா என்று எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கக் கூட்டம் ஒன்றில் அரை மணி நேரம் விவாதம் நடந்தது. முடிவு எட்டப்படவில்லை. தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

அதன் பிறகு தமிழிலேயே பாடிய டார்க்கி நாகராஜாவின் தி கீஸ் குழு. பிறகு பொயட்டிக் அம்மோ. 1998-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் ஒரே குழு பல மொழிகளில் ராப் செய்தது. அந்தக் குழுவில் இருந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரையும் சேர்த்துக்கொண்டு 2006-இல் நட்சத்திரா என்ற பெயரில் 'வல்லவன்' ஆல்பத்தை வெளியிட்டபோது நான் தொட்டிலில் கிடந்திருப்பேன். ஆனாலும் அந்த ஆல்பத்தை வரிசை மாறாமல் சொல்வேன். ஒன்றுவிட்ட அண்ணன்மார் காரில் வேறெதுவும் ஓடியதில்லை. இளையராஜா 1980-இல் 'நிழல்கள்' படத்துக்கு இசையமைத்த பாடலைப் புதுப்பித்து அவர்கள் செய்த 'மடை திறந்து' கடல் தாண்டிப் போனது. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி-யின் குரல் கேட்டது. பிறகு 'ஆடுகளம்', 2017-இல் 'விவேகம்'. இடையில் 2016-இல் 'கபாலி' படத்திலும் நம் ரோஷன் ஜாம்ராக் ராப் செய்தார்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் நம்மவர்கள் ஓர் இடத்தில் குரலை உயர்த்துவதைக் கவனித்திருக்கிறேன். 'வல்லவன்' என்று சொல்லும்போது அல்ல, 'பொல்லாதவன்' என்று சொல்லும்போது. அதாவது, சென்னை கூப்பிட்ட பிறகுதான் அது சாதனை. இங்கே ஒரு பாடகர் பத்து ஆண்டு பாடினாலும் "படத்துல பாடியிருக்காரா?" என்பதுதான் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி. அந்தக் கேள்வி கேட்கப்படும்வரை புக்கிட் ஜாலில் ரயிலும் ஒரு பக்கம்தான் நிரம்பும்.

நகைச்சுவை வேறு கதை. அங்கே சென்னைக்கு வேலையில்லை, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் தமிழுக்கே வேலையில்லை. கோலாலம்பூரில் மேடைச் சிரிப்பு வளர்ந்தது ஆங்கிலத்தில். 1989-இல் தொடங்கிய இன்ஸ்டண்ட் கஃபே தியேட்டர் அரசியல்வாதிகளை மேடையில் கிண்டலடித்துப் பாதை போட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜோ குகதாஸ். ஹரித் இஸ்கந்தர் 2016-இல் பின்லாந்தில் நடந்த போட்டியில் "உலகிலேயே மிக வேடிக்கையான மனிதர்" பட்டத்தை வென்றார். கவின் ஜெய்யின் நிகழ்ச்சி 2018-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் 2014 முதல் இயங்கிய கிராக்ஹவுஸ் கிளப், 2022-இல் ஒரு சர்ச்சைக்குப் பின் உரிமத்தை இழந்தது. சிரிக்க வைப்பது இந்த ஊரில் ஆபத்தில்லாத தொழில் அல்ல.

புதியவர்களுக்கு மேடை தரும் இரவுகளில் ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். அப்படிப் பல இரவுகள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்திய நகைச்சுவையாளர் ஒருவர் மேடையேறினால் முதல் இரண்டு நிமிடத்துக்குள் தலையாட்டல் வந்துவிடும், அல்லது குடிகார மாமா வருவார், அல்லது குண்டர் கும்பல். கூட்டம் சிரிக்கும். சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால் பக்கத்து மேசைக்காரர்கள் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார்கள், "சிரிக்கலாமா?" என்று அனுமதி கேட்பதுபோல. நல்ல நகைச்சுவையாளர் அந்த ஓரக்கண் பார்வையையே அடுத்த நகைச்சுவையாக்குவார். மற்றவர் இன்னொரு குடிகார மாமாவைக் கொண்டுவருவார். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறேழு இரவுகள் ஆயின. அதனால்தான் ஒருமுறை போய்விட்டு "நல்லா இல்ல" என்று சொல்பவர்களிடம் இன்னும் ஐந்து முறை போகச் சொல்கிறேன்.

தமிழில் மேடைச் சிரிப்பு ஏன் இங்கே மெதுவாக நடக்கிறது? எனக்குத் தோன்றும் காரணம் நம் பேச்சுப் போட்டி. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும்: நேராக நில், கையைக் கட்டாதே, "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கு. ஒலிவாங்கி கையில் வந்ததும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அந்தப் பயிற்சி ராப்புக்குப் பயன்பட்டது. 'வல்லவன்' வரிகளில் பள்ளிக்கூடச் செந்தமிழின் மிடுக்கு இருக்கிறது, அந்த மிடுக்குதான் அதன் அழகு. சிரிப்புக்கு வேண்டியதோ வீட்டுத் தமிழ். "என்னா லா, சாப்ட்டியா லா" என்று அடுப்படியில் பேசும் தமிழ், பாதியில் மலாய் நுழைந்து ஆங்கிலத்தில் முடியும் தமிழ். அதை ஒலிவாங்கியில் பேசினால் ஆசிரியர் எங்கிருந்தோ மதிப்பெண் குறைப்பார் என்ற பயம் நமக்குள் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தை விட்டுவிட்டுத் தமிழில் சிரிக்க வைக்கும் சிலரைக் கல்லூரி மேடைகளில் பார்த்திருக்கிறேன். அரங்கில் எழும் சிரிப்பின் ஒலியே வேறாக இருக்கும். யாரும் யாரையும் ஓரக்கண்ணால் பார்ப்பதில்லை.

இனி ஹாக்கி. தேர்வுத் தாளில் வளைகோல் பந்தாட்டம், மற்ற இடங்களில் ஹாக்கி.

இந்த விளையாட்டில் நமக்கு உள்ள பங்கு இன்றைய மாணவர்களில் பலருக்குத் தெரியாது. 1975-இல் உலகக் கிண்ணப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. மலேசிய அணியின் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். அணியில் மகேந்திரன் இருந்தார், பூன் ஃபூக் லோக் இருந்தார். நெதர்லாந்தைத் தோற்கடித்து அரையிறுதிக்கு வந்த அணி, இந்தியாவுக்கு எதிராக முன்னிலையில் இருந்தது. கடைசி நிமிடங்களில் அஸ்லம் ஷேர் கான் கோலடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என வென்று, பிறகு கிண்ணத்தையும் எடுத்துச் சென்றது. மலேசியாவுக்கு நான்காம் இடம். உலகக் கிண்ணத்தில் நம் நாட்டின் ஆகச் சிறந்த இடம் இன்றுவரை அதுதான். என் தாத்தா இந்த ஆட்டத்தை நேற்று நடந்ததுபோல் சொல்வார். வானொலியில் கேட்டதுதான், ஆனால் சொல்லும்போது கையால் மட்டை பிடித்துக் காட்டுவார்.

அதற்கடுத்த ஆண்டு, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில், ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. அந்த மாற்றம் ஆட்டத்தைத் தலைகீழாக்கியது. புல் திடலில் பந்து துள்ளும், தடுமாறும். அதை அடக்கத் தெரிந்தவரே வீரர். தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும், வேகமும் உடல்வலிமையும் முன்னுக்கு வந்தன. ஒரு செயற்கைத் திடலுக்கு ஆகும் செலவைப் பள்ளிகளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. என் தமிழ்ப்பள்ளியில் புறப்பாட நடவடிக்கைக்கு ஹாக்கி மட்டைகள் இருந்தன, புல் திடல் இருந்தது, ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவரும் இருந்தார். அங்கே நன்றாக ஆடிய பையன் மாவட்டத் தேர்வுக்குப் போனபோது பந்து அவன் மட்டைக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது. ஒரே நாளில் திரும்பி வந்தான், இப்போது ஃபுட்சால் ஆடுகிறான்.

இருந்தும் தமிழ்ப் பெயர்கள் தேசிய அணியில் தொடர்ந்தன. குஹான் சண்முகநாதன், எஸ். செல்வராஜு, கோல் காவலர் எஸ். குமார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி அரையிறுதியில் இந்தியாவுடன் 2-2 என முடிந்த ஆட்டம் ஷூட்அவுட்டுக்குப் போய், குமார் காவலில் நின்று, 7-6 என வென்றோம். அப்போது நான் முதலாம் படிவம். இறுதியில் ஜப்பானுக்கு எதிராக 4-1 என முன்னிலை வகித்துவிட்டு, 6-6 என முடித்து, ஷூட்அவுட்டில் தோற்றோம். வென்றிருந்தால் நேராகத் தோக்கியோ ஒலிம்பிக். மலேசிய ஆண்கள் அணி கடைசியாக ஒலிம்பிக்கில் ஆடியது 2000-இல், சிட்னியில்.

ஆனால் எனக்கு மறக்காதது 2023 ஆகஸ்டு 12. இடம் சென்னை எழும்பூர், மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம். ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டம், இந்தியாவும் மலேசியாவும். அந்தத் தொடரின் இறுதிக்கு மலேசியா வந்தது அதுவே முதல் முறை. குழு ஆட்டத்தில் இந்தியா நம்மை 5-0 என நசுக்கியிருந்தது. அந்த ஐந்தில் ஒரு கோலை அடித்தவர் அரியலூர்க்காரர் கார்த்தி செல்வம். நம் அணியின் பயிற்றுநர் அருள் செல்வராஜ். தமிழ்நாட்டுத் தலைநகரில், ஒரு பக்கம் தமிழ் வீரர், மறுபக்கம் தமிழ்ப் பயிற்றுநர்.

இங்கே நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. மாமாக் கடையின் பெரிய திரையில் காற்பந்து. நாங்கள் நான்கு பேர் சாஸ் பாட்டிலில் சாய்த்து வைத்த கைப்பேசியில் ஹாக்கி பார்த்தோம். முதல் கோல் இந்தியாவுக்கு. பிறகு அஸ்ராய், ரஸி ரஹிம், அமினுடின் என வரிசையாக மூன்று. இடைவேளையில் 3-1. நான் எழுந்து நின்றேன், ரொட்டி சானாய் ஆறியது. கைப்பேசியிலோ பல்லாயிரம் குரல்கள், தமிழ்க் குரல்கள், நமக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தன. 45-ஆம் நிமிடத்தில், ஒரே நிமிடத்துக்குள், இந்தியா இரண்டு கோல். 56-ஆம் நிமிடத்தில் நான்காவது. 4-3.

தோழி ஒருத்தி கேட்டாள்: "போன மாசம் இதே சென்னைப் பாட்டுக்குத்தானே ஆடுன, இப்ப ஏன் அழற?" எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் காலை தாத்தா தொலைபேசியில் முதலில் கேட்டது, "நம்ம பசங்க ஜெயிச்சாங்களா?" எந்த "நம்ம" என்று அவரிடம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தோற்ற விவரம் சொன்னதும், "அன்னிக்கும் இப்படித்தான்" என்றார். 1975-ஐச் சொன்னார்.

சென்னை கூப்பிடும் கணக்கு ஹாக்கியில் செல்லாது என்பதை அன்றைக்குக் கண்டேன். எழும்பூரில் அந்தப் பதினொரு பேருக்காகக் கத்த யாரும் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கத்த வேண்டியவர்கள் ஸ்ரீ பெட்டாலிங் ரயில் தடத்தில் வசிக்கிறார்கள்.

லீக் ஆட்டத்துக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆட்டம் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு பகுதி, மொத்தமாக ஒரு திரைப்படத்தின் முதல் பாதி நேரம்தான். விதிகள் தெரியாவிட்டால் பெனால்டி கார்னரை மட்டும் கவனியுங்கள்: கோல் காவலரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள், பந்து உள்ளே வந்ததும் அதன் மீது பாய்வார்கள். அது பயங்கரமான தைரியம். குடை வேண்டும், மழை எப்போதும் மாலையில்தான். நடுவில் உள்ள நல்ல இருக்கைகளை விட்டுவிட்டு கோல் கம்பத்துக்கு அருகில் உட்காருங்கள். கூட்டம் இல்லாததால் கோல் காவலர் தன் தற்காப்பாளர்களைத் திட்டுவது தெளிவாகக் கேட்கும். பாதி மலாய், பாதி ஆங்கிலம். பந்து உள்ளே போய்விட்டால் மட்டும், சில நாள், தமிழ்.